வீடு பறந்தது, துணி பறக்கவில்லை

காற்றில் ஒரு வீடு கிளம்பிப் போகும்போது முதலில் எது போகும் என்று என்னைக் கேளுங்கள். கூரை என்பீர்கள். கிடையாது. முதலில் போவது வீட்டுக்காரியின் திமிர். கூரையெல்லாம் அதற்கப்புறம்தான்.

போன வருஷம் என் மகன் போனில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவிலோ எங்கேயோ, தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்குகிற வீடுகள் புயலில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. "பாத்தியாம்மா, இந்த டப்பா வீடுகளை!" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட டப்பாவில் நாற்பத்தோரு நாள் குடித்தனம் நடத்தியவள் நான். அவனுடைய அக்கா என் வயிற்றில் உண்டானதே அந்த டப்பாவில்தான். "வீட்டைக் குறை சொல்லாதடா. அதை ஒழுங்கா இழுத்துக் கட்டுனானுகளா இல்லையான்னு கேளு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டான்.

அவனுக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். எழுபதுகளில், சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். அதில் ஒரு லயத்தில் நான் வாழ வந்தேன். லயம் என்றால் ஒரே நீளக் கட்டடம், ஒரே தகரக் கூரை, எட்டுக் கதவு, எட்டுக் குடும்பம். குடும்பத்துக்கு ஒரு முறி, அதாவது ஒரே அறை, பின்னால் ஒரு அடுப்படி. எங்கள் ஒற்றை முறியில் மாமனார், மாமியார், என் வீட்டுக்காரரின் அண்ணன், அவர் சம்சாரம், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். ஆக மொத்தம் ஒன்பது பேர், பதினெட்டுக் கால், ஒரே ஒரு விளக்கு.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் எனக்குப் பிள்ளை இல்லை. மாமியார் கொழுந்து கிள்ளிக்கொண்டே அடுத்த நிரைக்குக் கேட்கிற மாதிரி, "வயித்துல ஒரு புழு பூச்சி உண்டா? நானும் கேக்காத சாமியில்ல" என்று ஒப்பாரி வைப்பாள். சாமியைக் கேட்டு என்ன செய்ய? எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் தினமும் அவள் பேரன் ஒருத்தன் குறுக்கே உருண்டு கிடந்தான். அந்தப்பக்கம் மாமனார் இருமிக்கொண்டே விழித்திருப்பார். சாமியே இறங்கி வந்தாலும் அந்த முறியில் கால் வைக்க இடமில்லை. இதை ஒருநாள் மாமியார் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் காது குளிர்ந்து கிடந்தது.

அப்போதுதான் ஒருநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் மேனேஜர் துரை வந்து நின்று அறிவித்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி வீடு செய்கிறதாம். சுவர், கூரை, கதவு எல்லாம் தனித்தனியாக வரும், போல்ட்டுப் போட்டு முடுக்கினால் மூன்று நாளில் வீடு. இங்கே ஒன்றை நிறுத்திப் பார்ப்பார்களாம். ஜூனில் அடிக்கிற எடவப்பாதி மழைக்காற்றுக்கு அது தாக்குப்பிடித்து நின்றால் இன்னும் பன்னிரண்டு வீடு வரும், முறியில் நெருக்கியடித்துக் கிடக்கிற இளங்குடும்பங்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கப்படும். முதல் வீடு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். பிஸ்கட் டப்பாவில் கையை விட்டு எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பெயர் வந்தது. நான் பிரட்டுக்களம் என்றும் பாராமல் "அய்யோ!" என்று கத்திவிட்டேன். யாரோ செத்துவிட்டதாக நினைத்துப் பின்னால் நின்றவள் அழவே தொடங்கிவிட்டாள்.

மே மாதத் தொடக்கத்தில் லாரி வந்தது. லயத்துக்கு எதிரே, முற்றத்தைத் தாண்டி, மேட்டில் இடம் சீர்செய்திருந்தார்கள். செங்கல் தூண்கள் மேல் பலகைத் தரை, இரும்புச் சட்டம், அதில் முடுக்கிய சிமெண்டு அட்டைச் சுவர், மேலே மெல்லிசான அலைத் தகடு. வெளிர் பச்சைப் பெயிண்ட். இரண்டு அறை, ஒரு ஜன்னல். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. முதல் நாள் முழுக்க அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். லயத்துக்காரர்கள் அதற்குப் போல்ட்டு வீடு என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டை நிறுத்த வந்த இரண்டு ஃபிட்டர்களும் கோயம்புத்தூர் ஆட்கள். மூத்தவர் பேச்சு எங்கள் பேச்சு மாதிரி வெடுக்கென்று இருக்காது, அவ்வளவு மரியாதை. கிளம்புகிற அன்று நான்கு இரும்புக் கம்பிக் கயிறுகளைச் சுருள் சுருளாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். சுண்டுவிரலில் பாதி கனம், பளபளவென்று முறுக்கு. வீட்டின் நான்கு மூலைக்கும் வெளியே மண்ணில் இரும்பு முளை அடித்து, சுற்றிலும் சிமெண்டு கொட்டியிருந்தார்கள்.

"ஏனுங்க அம்மணி, இத மறந்துராதீங்க. சிமிட்டி பத்து நாளு காயோணும். அப்புறம் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கம்பி, கூரச் சட்டத்துல இருந்து முளைக்கு இழுத்துக் கட்டிருங்க. உங்க ஊட்டுக்காரருக்கு எப்படிக் கட்டறதுன்னு காட்டியிருக்கறனுங்க. வீடு லேசுங்க. காத்துக்கு அத புடிச்சு நிறுத்தறதே இதுதானுங்க" என்றார்.

"சரிங்கண்ணே" என்றேன். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன். என் கண் தாழ்ப்பாள் மேல் இருந்தது.

இனிமேல்தான் என் அறிவு வேலை செய்தது. லயத்துப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்து வீட்டைப் பார்த்தார்கள். சுவரைத் தட்டினார்கள், பலகைமேல் குதித்தார்கள். "நல்லாருக்கு" என்று ஒருத்தி வாயிலிருந்தும் வரவில்லை. "அட்டைதான?" என்றாள் ஒருத்தி. "ஆடு முட்டுனா ஓட்டை விழும்" என்றாள் இன்னொருத்தி. தண்ணீர்க் குழாயில் என் குடம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. மாமியார் வீட்டுப் படியே மிதிக்கவில்லை. தனிக்குடித்தனம் போய்விட்ட மருமகள் பெற்ற அம்மாவுக்கு ஒப்பானவளைத் தெருவில் விட்டுவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னாள். தெருவில் விட்டேனாம்! முற்றத்துக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவள். நான் கரண்டி தவறிப் போட்டால் அவளுக்குக் கேட்கும்.

பொறாமைக்கு மருந்து என் வாசலிலேயே சுருண்டு கிடந்தது.

அது எப்படி மருந்தாகும் என்பது எங்கள் மலைக்காற்றில் துணி காயப்போட்டவளுக்குத்தான் தெரியும். தேங்காய்நார்க் கயிறு மழையில் ஊறிக் காற்றில் அறுந்துவிடும். அறாவிட்டாலும் துணி நிற்காது. ஒவ்வொரு வீட்டுச் சேலையும் தேயிலைச் செடிமேல் கிடக்கும், சில சேலைகள் பள்ளத்தில் போய் அடுத்த எஸ்டேட்டுக்காரியின் இடுப்பில் ஏறிவிடும். அதற்காக லயத்தில் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் வரும். இரும்புக் கம்பி ஒன்று கிடைத்தால் அதை இரட்டையாக மடித்து, முறுக்கி, இரண்டு தூணுக்கு நடுவே விறைப்பாகக் கட்டலாம். முறுக்குக்கு நடுவில் துணியின் நுனியைச் சொருகிவிட்டால் எந்தக் காற்றாலும் உருவ முடியாது. ஒரு லயத்துப் பெண் கண்ணில் நீளமாக ஒரு கம்பி பட்டால் அவளுக்கு வேறு யோசனையே வராது. எனக்கும் வரவில்லை.

ஒரு கம்பியை மாமியாருக்குக் கொடுத்தேன். இரண்டாவதை அடுத்த முறியில் இருந்த வேதக்கார அக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குப் போகும்போது கட்டுகிற வெள்ளைச் சேலையைக் காற்றில் இரண்டு தடவை பறிகொடுத்தவள் அவள். மூன்றாவதைக் கடைசி முறி மதினிக்கு. அவளுக்குக் கைக்குழந்தை, ஒரு நாளைக்குப் பதினைந்து துணி துவைப்பாள். நான்காவதை எனக்கு வைத்துக்கொண்டேன். அன்று மாலையே என் குடம் குழாயடியில் முன்னுக்கு வந்தது. வேதக்கார அக்கா, "ஆண்டவரு ஒன்ன நல்லா வைப்பாரு" என்று கன்னத்தைத் தடவினாள். மாமியார் போல்ட்டு வீட்டுப் படியேறி வந்து பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "குளிரு தரையிலேருந்து ஏறல, நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் கழித்து என் வீட்டுக்காரர் முளைகளைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார். தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி பிடிக்கிற கை, வேலையில் சுத்தமான மனுஷன்.

"கம்பி எங்க?"

"ஒண்ணு இந்தா இருக்கு."

"மிச்சம் மூணு?"

நான் ஜன்னல் வழியாக முற்றத்தைக் காட்டினேன். அங்கே அவருடைய அப்பாவின் வேட்டி வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது.

"அடி பாவி! போய் வாங்கிட்டு வா."

"கொடுத்தத எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திருப்பிக் கேப்பேன்? இப்பத்தான் எல்லாம் பேசுறாளுக. மழைக்கு இன்னும் நாள் கெடக்கு. அப்பப் பாத்துக்கலாம்."

அவரும் அம்மாவிடம் போய்க் கேட்கிற அளவுக்குத் தைரியசாலி இல்லை. இருந்த ஒன்றை வீட்டின் மேற்கு மூலையில் ஃபிட்டர் சொன்னபடி இழுத்துக் கட்டினார். மற்ற மூலைகளை ஒரு தடவை பார்த்தார். "கூரைமேல கல்லாவது ஏத்துறேன்" என்றார். எங்கள் லயத்துக் கூரையில் மழைக்காலத்துக்கு முன்னால் கல் ஏற்றுவது வழக்கம், ஒவ்வொரு தகரத்திலும் ஐந்தாறு பாறாங்கல் உட்கார்ந்திருக்கும். நான் கையை விரித்து வாசலில் நின்றுகொண்டேன். "இந்த வீட்டுத் தலையில கல்லத் தூக்கி வைப்பீகளா? லயம் மாதிரி ஆக்கணும், அதான ஒங்களுக்கு?" என்று சண்டை போட்டேன். பச்சைப் பெயிண்டு அடித்த வீட்டுக்குக் கல் பொருந்தாது என்று எனக்கு அத்தனை உறுதி. அவர் கல்லைக் கீழே போட்டார்.

மிச்ச நாட்களைப் பற்றி என்ன சொல்ல? தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நானும் அவரும் சத்தமாகச் சிரித்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. மனுஷனுக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதே அந்த வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தேன். அதற்கு மேல் அதை அலங்காரம் செய்யத் தெரியவில்லை.

ஜூன் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை. பதினோரு மணிக்குக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மழை சற்று விட்டது. முதலில் வந்தது வெறும் காற்று, பள்ளத்திலிருந்து ஏறி வந்து மேட்டில் மோதியது. ஜன்னல் கொக்கி தெறித்தது. அடுத்த காற்றில் பலகைத் தரை என் காலுக்குக் கீழே ஒரு தடவை மூச்சு விட்டது. மெய்யாகச் சொல்கிறேன், ஏறி இறங்கியது. குழம்புச் சட்டி அடுப்பிலிருந்து தானாக நகர்ந்து சுவர்வரை போய் நின்றது. நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"கம்பி!" என்று கத்திக்கொண்டு அவர் லயத்துக்கு ஓடினார்.

முற்றம் தாண்ட நான்கு எட்டுத்தான். ஆனால் ஒரு மாதமாக ஈரத் துணியின் பாரம் இழுத்து இறுகிப்போன முடிச்சு அது. இரட்டையாக முறுக்கி, தூணில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிக் கட்டியிருந்தாள் மாமியார். அவர் பல்லால் கடித்துப் பார்த்தார். கவாத்துக் கத்தியால் வெட்டிப் பார்த்தார். கத்தியின் வாய்தான் மடங்கியது. மற்ற இரண்டு முடிச்சும் அப்படியே. நான் உள்ளே நின்று கதவுத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், நான் பிடித்தால் வீடு நிற்கும் என்பதுபோல. எனக்கு வெளியே வரத் தோன்றவேயில்லை. போனால் வீடு போய்விடும் என்று அழுதுகொண்டு நின்றேன்.

கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தது மாமியார். "வீடு கெடக்குடி, வெளங்காதவளே! வெளிய வா!" என்று என் கொண்டையைப் பிடித்தாள். இழுத்தாள். நான் தாழ்ப்பாளை விடவில்லை. கையில் ஒரு கடி கடித்தாள் பாருங்கள், இன்னும் தழும்பு இருக்கிறது. இரண்டு பேரும் படியிலிருந்து சேற்றில் உருண்டோம்.

நாங்கள் எழுந்திருப்பதற்குள் வீடு கிளம்பியது. மேல்நோக்கிப் பறக்கவில்லை. கட்டாத மூன்று மூலையும் தூணை விட்டு எழும்பின. கட்டிய மேற்கு மூலை மட்டும் விடவில்லை. முளையில் கட்டிய மாடு சுற்றி வருகிற மாதிரி அந்த ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுசும் அரைவட்டம் சுற்றியது. போல்ட்டுகள் பட்பட்டென்று தெறித்தன. அப்புறம் கூரை ஒரு பக்கமும் சுவர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து தேயிலைச் செடிகள் மேல் உருண்டு பள்ளத்துக்குள் போயிற்று. கருவாட்டு வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். லயத்துக் கூரை கல்லைச் சுமந்துகொண்டு தடதடவென்று ஆடியது, ஒரு தகரமும் போகவில்லை. அதன்முன்னால் மூன்று கம்பியிலும் மழைக்கு எடுக்க மறந்த துணிகள் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றன. மாமனார் வேட்டி, கைக்குழந்தையின் துணிகள், வேதக்கார அக்காவின் பாவாடை. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

என் வீட்டின் மேற்கு மூலை மட்டும் மேட்டில் நின்றது. ஒரு இரும்புக் கால், ஒட்டிக்கொண்டு அரைச் சுவர், விறைப்பாக இழுத்துப் பிடித்த ஒரு கம்பி.

நான்கைந்து நாள் கழித்து மேனேஜர் துரை கோயம்புத்தூர்க் கம்பெனி என்ஜினியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். காற்று ஓய்ந்து தூறல் மட்டும் இருந்தது. லயம் முழுக்க முற்றத்தில் நின்றோம். என்ஜினியர் வயசாளி, நல்ல முகம். மழைக்கோட்டைக் கழற்றினார். வைக்க இடம் தேடிச் சுற்றிப் பார்த்தார். என் மாமியாரின் வாசலில் கட்டியிருந்த கம்பியில் அதைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறினார். எட்டுக் குடும்பமும் மூச்சை அடக்கியது.

மேற்கு மூலையில் மிஞ்சி நின்ற கம்பியை அவர் சுண்டிப் பார்த்தார். மற்ற மூன்று முளையையும் குனிந்து பார்த்தார். இறங்கி வந்து நேராக என்னிடம் கேட்டார்.

"இந்த வீட்டுல இருந்தது நீங்கதானேம்மா? கம்பி கட்டுன மூலை அப்படியே நிக்குது, பாத்தீங்களா? மிச்சம் மூணையும் கட்டியிருந்தீங்களா? கட்டலைன்னா சொல்லிருங்க. அப்ப இது வீட்டு மேல தப்பில்லை. வேற வீடு அனுப்பறேன், அந்தப் பன்னெண்டும் வரும். நாலும் கட்டியிருந்தும் போயிருச்சுன்னா, இந்தக் காத்துக்கு எங்க வீடு ஆகாதுன்னு எழுதிட்டுப் போயிருவேன்."

ஒரு வார்த்தை. கட்டவில்லை என்று ஒரே வார்த்தை. தாழ்ப்பாள், ஜன்னல், என் வீட்டுக்காரரின் சிரிப்பு எல்லாம் அடுத்த லாரியில் வந்து இறங்கிவிடும். வாயைத் திறந்தேன்.

அதற்குள் துரை தன் மலையாளத் தமிழில் குறுக்கே வந்தார். "கட்டல்லெங்கில் கம்பி எவிடே? ஆரு எடுத்தது? கம்பெனிச் சாமானாக்கும். ஆருடைய வாசல்ல காணுதோ, அந்த முறி நாளைக்கே ஒழியணும். குடும்பத்தோட மலை எறங்கணும்."

அவருக்கு இரண்டடி தள்ளித்தான் கம்பி. அதில்தான் மழைக்கோட்டு தொங்கியது.

முதலில் அசைந்தது கடைசி முறி மதினி. சத்தமில்லாமல் உள்ளே போய், ஒரு சாக்கைக் கொண்டுவந்து தன் கம்பிமேல் விரித்தாள். வேதக்கார அக்கா கட்டில் விரிப்பையும் பிள்ளைகளின் நிக்கர்களையும் அள்ளி வந்து வரிசையாகப் போட்டாள். தூறிக்கொண்டிருக்கிறது! ஊரில் எவளாவது மழையில் துணி காயப்போடுவாளா? எங்கள் லயம் போட்டது. என் மாமியார் டிரங்குப் பெட்டியைத் திறந்து, திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற சுங்குடிச் சேலையை எடுத்து வந்தாள். அந்தச் சேலையை யாரும் தொடக்கூடாது, ஒரு தடவை நான் தொட்டதற்கு மூன்று நாள் பேச்சு வாங்கியிருக்கிறேன். அதை மழைக்கோட்டின் மேலேயே போர்த்தி, கம்பி வெளியே தெரியாமல் நுனிவரை இழுத்துவிட்டாள். சாயம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. "சொல்லாதே" என்று கண்ணால்கூடக் கேட்கவில்லை. நனைகிற சேலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மனுஷியின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். திட்டியிருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். இரண்டும் செய்யாமல் நின்றால் நான் என்ன செய்வது?

பள்ளத்திலிருந்து மீட்டுவந்த ஒரே சாமான் என் கம்பளி, தோளில் கிடந்தது. நடந்து போய், சுங்குடிச் சேலை எட்டாத கடைசி முழத்தில் அதை விரித்துப் போட்டேன்.

"நாலும் கட்டியிருந்துச்சுங்கய்யா. மூணு அத்துக்கிட்டுப் போயிருச்சு" என்றேன்.

என்ஜினியர் என்னை உற்றுப் பார்த்தார். "முளையில ஒரு பிசிருகூட இல்லையேம்மா."

"அம்புட்டுக் காத்துங்கய்யா" என்றாள் மாமியார்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என்ஜினியர் பையிலிருந்து நோட்டை எடுத்து நின்றபடியே இரண்டு வரி எழுதினார். அப்புறம் மழைக்கோட்டைத் தேடினார். மாமியார் சேலைக்கு அடியில் கையை விட்டு, கம்பியை மறைத்தபடியே அதை உருவி, இரண்டு கையாலும் பவ்வியமாகக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு துணிகளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், ஜீப்பில் ஏறினார். பன்னிரண்டு வீடும் அந்த ஜீப்பிலேயே ஏறிப் போயிற்று.

நான் வாழ்ந்த வீடுகளிலேயே நல்ல வீட்டின் மேல் நானே பொய்ச்சாட்சி சொன்னேன். அன்று மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாரும் சமாதானம் சொல்ல வரவில்லை. மாமியார் மட்டும் வந்து அடுப்படியிலிருந்த விறகையெல்லாம் வெளியே எடுத்து அடுக்கினாள். பாயைக் கொண்டுவந்து போட்டாள். "இனிமே நீயும் அவனும் இங்கன படுங்க. கதவு இருக்கு" என்றாள். தாழ்ப்பாள் இல்லை, அதற்கு ஒரு விறகுக்கட்டையை முட்டுக்கொடுத்துக்கொண்டோம். விடிவதற்குள் காப்பித்தண்ணி போட வேண்டுமென்று அவளே வந்து கதவை இடிப்பாள், அது வேறு விஷயம்.

மறு மாசம் வாந்தி வந்தது. மாமியார் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இது போல்ட்டு வீட்டுப் புள்ள" என்று லயம் முழுக்கச் சொன்னாள். மகள் பிறந்ததும் அவள் துணிகளுக்கு மூன்று கம்பியிலும் முதலிடம் கொடுத்தார்கள். கம்பிக்கு இடம் பிடிக்க ஒருத்தி மயிரை ஒருத்தி பிடிக்கிற பெண்கள், நான் வாளியோடு வந்தால் தங்கள் துணியை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை.

எனக்கு வேலை முடிந்து மலையை விட்டு இறங்கியபோது அந்தக் கம்பிகளில் ஒன்றை, மாமியாருடையதை, அவிழ்த்துக் கொண்டுவந்தேன். இப்போது என் வீட்டு மாடியில் கட்டியிருக்கிறது. மகன் தன் ஈரச் சட்டையை அதில்தான் போடுகிறான். அத்துக்கிட்டுப் போயிருச்சு என்று நான் சொன்ன கம்பி, இன்றுவரை ஒரு பிசிர்கூட அறவில்லை.